சவிரி அண்ணன் சாய்ந்த பக்கம்

ரோலர் கோஸ்டரைப் பற்றி எழுத முற்படுபவர் வாசகருக்கு முதலில் ஒரு வாக்குறுதி அளிக்கவேண்டும் — அதன் உயரத்தைச் சொல்லமாட்டேன் என்று.

ஏனெனில், அதிலிருந்து இறங்கி வந்தவர் எவரும் உண்மையான உயரத்தைச் சொன்னதாக நான் அறியேன். பூங்காவின் வாசலில் ஒரு தென்னையளவு இருந்தது, ஊர் திரும்பும் வழியில் சிலாபத்தைத் தாண்டும்போது இரண்டு தென்னையாகிவிடும். பாலாவிச் சந்தியில் வேனை விட்டு இறங்கும்போதோ, சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியே அதை அண்ணாந்து பார்க்கவேண்டிய நிலை. வேகமும் அப்படித்தான். பயம் மாத்திரம் எதிர்த்திசையில் செல்லும்... வீடு வந்து சேர்வதற்குள் எவருமே பயந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே இந்த வாரம் நான் கண்ணால் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மாத்திரமே எழுதுகிறேன். செவிவழிச் செய்தி எங்கேனும் வந்தால், அது செவிவழிச் செய்தி என்றே குறிப்பிடுவேன். எழுதுவதற்கு அவ்விருவரும் சம்மதித்தார்கள். பெயர்களை மாற்றட்டுமா என்றும் கேட்டேன். பெயரை மாற்றினால் ஊரில் வேறு யாரையோ நினைத்துக்கொள்வார்கள், அந்த ஆள் பாவம் என்றார் சவிரி அண்ணன்.

சம்பவம் சில மாதங்களுக்கு முந்தியது. அதற்குள் போவதற்கு முன் அந்த இருவரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

திரேசாவும் நானும் கற்பிட்டியில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். நான் ஆசிரியையாகிப் பாலாவியில் தங்கிவிட்டேன். அவள் எத்தாளையில் வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய கணவர்தான் சவிரி அண்ணன் — சவிரிமுத்து. மீனவர். பாய் கட்டிய வள்ளத்தில் தொடங்கி, இயந்திரம் பூட்டிய படகுவரை ஓட்டியவர். கச்சான் காற்று எழும்பி, மற்றவர்கள் படகுகளைக் கரையேற்றும் நாளில் இவர் இறக்குவாராம். இது செவிவழிச் செய்தி. ஆனால் பல செவிகளின் வழியாக வந்தது.

அவர்களுக்கு ஒரே மகன். இத்தாலியில் இருக்கிறான். (இந்தக் கரையோரத்தில் இத்தாலியில் ஆள் இல்லாத கத்தோலிக்க வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.) அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் வந்து நின்றால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டான். பத்திரங்களை அனுப்பினான். விசா வந்தது. எல்லாம் வந்தது — முடிவைத் தவிர.

திரேசாவுக்குப் பயமாம்.

"ஏணியில ரெண்டு படி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும் மைமூன். ஆகாசத்தில எப்பிடி இருப்பன்?"

சரி, அப்பா மாத்திரமாவது வாருங்கள் என்றான் மகன். அதற்குச் சவிரி அண்ணன் சொன்ன பதில் ஊர் முழுவதும் அவருக்கு நற்பெயரைத் தேடித் தந்தது. இத்தனை வருடம் கூட இருந்தவளைத் தனியே விட்டுவிட்டுப் பேத்தியைப் பார்க்கப் போகும் மனிதன் நான் இல்லை என்றுவிட்டார். நான் அவளை வற்புறுத்தியபோது என்னையும் தடுத்தார். பொம்பிளைகளைக் கஷ்டப்படுத்தக் கூடாது டீச்சர், அவளுக்கு ஏலாதெண்டா விடுங்க என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று நானும் வியந்தேன்.

ஆனால் வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. பிள்ளையை ஞானஸ்நானம் இல்லாமல் வைத்திருப்பது திரேசாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்து மகனோடு கதைத்துவிட்டு வந்தாளென்றால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. விசாவுக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டல்லவா? அது நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நான் என் வைத்தியத்தைச் சொன்னேன். விமானத்தில் வயிறு எழும்பி விழுவது ஒரு தடவையோ, இரு தடவையோ. அதைப் பத்து மடங்காகப் பெருக்கி, சிறிது நேரத்துக்குள் அடக்கித் தரும் ஓர் இயந்திரம் இருக்கிறது. அதில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டால் விமானம் வெறும் கதிரைதான்!

இங்கே என் பித்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

எனக்கு ரோலர் கோஸ்டர் பிடிக்கும். அறுபதைக் கடந்த, முக்காடிட்ட, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்திக்கு இது பிடிக்கலாமா என்று கேட்பவர்கள் உளர். பிடித்துவிட்டதே, என்ன செய்வது? மகளைப் பார்க்க மலேசியா சென்றபோது பெரியதில் ஏறியிருக்கிறேன். தலைகீழாகத் தொங்கவிடும் வகையில் எனக்கு அவ்வளவு மதிப்பில்லை, அது மிரட்டல். சிறியதாய், பழையதாய், சற்றே முனகுகிற வண்டிகள்தாம் என் விருப்பம்.

ஒரு ரோலர் கோஸ்டரின் உயிர் அதன் சரிவில் இல்லை — ஏற்றத்தில் இருக்கிறது. சங்கிலி பற்றி இழுக்க, டக்... டக்... டக்... என்று மெல்ல மேலேறும் அந்தப் பொழுதில்தான் முழுப் பயமும் இருக்கிறது. உச்சியைக் கடந்த பின்னர் பயப்பட நேரம் ஏது?

முன் ஆசனம் பார்க்க விரும்புவோருக்கு; பின் ஆசனம் உணர விரும்புவோருக்கு. முன்பெட்டி சரிவில் இறங்கத் தொடங்கியதும் கடைசிப் பெட்டியை உச்சியிலிருந்து பிடுங்கி எறியும். அந்தப் பிடுங்கல் இல்லாவிட்டால் பஸ்ஸில் போகலாமே! கண்ணை மூடக்கூடாது. மூடினால் அடுத்த வளைவைப் பற்றி வயிற்றுக்கு முன்னறிவிப்புக் கிடைக்காது. வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது. சோற்றுப் பார்சலை முடித்துவிட்டும் ஏறக்கூடாது. பாணும் பிளேன்டீயும் சரியான அளவு. அலறுகிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டா. மௌனமாக இருப்பவர்களைத்தான் கவனிக்கவேண்டும்.

ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிற வாகனத்துக்கு எதற்குக் காசு என்று சிலர் கேலி செய்வார்கள். தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடையோடு வந்த என் அடுத்த வீட்டுப் பெண்மணி ஒருமுறை சொன்னார்: "ஏறின இடத்திலயே கொண்டு வந்து இறக்குமெண்டா, அது நல்ல வாகனந்தானே டீச்சர்." அதன் பிறகு அந்தக் கேலிக்கு நான் வேறு மறுமொழி தேடவில்லை.

சண்டை நடந்த காலத்தில் கொழும்புப் பக்கம் போவதென்றால் வழிநெடுகக் காரணம் சொல்லவேண்டியிருந்தது. விளையாடப் போகிறேன் என்பதை எந்தச் சோதனைச் சாவடி ஏற்றுக்கொண்டிருக்கும்? இப்போது 'ட்ரிப்' என்ற சொல் எங்கள் ஊர்களில் மறுபடி புழங்குகிறது. ஆக, ஒரு சனிக்கிழமை காலை வேனொன்றை அமர்த்திக்கொண்டு மூவரும் புறப்பட்டோம். நீர்கொழும்புக்கு அப்பால் உள்ள ஒரு பூங்கா, பெயர் வேண்டா. விமான நிலையம் பக்கத்தில் என்பதால், மரங்களுக்கு மேலே விமானங்கள் எழும்பிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் திரேசா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சவிரி அண்ணன் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பயந்தவள் பார்க்கிறாளே, பயமற்றவர் பார்க்கவில்லையே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்தது சிறிய வண்டிதான். கடைசிப் பெட்டியில் நான் தனியே அமர்ந்தேன். எனக்கு நேர் முன்னே அவர்கள் இருவரும்: இடப்பக்கம் திரேசா, வலப்பக்கம் அண்ணன். திருமணங்களுக்கு மாத்திரம் அணியும் காற்சட்டையில் வந்திருந்தார். வேலையாள் என் முக்காட்டின் நுனியை உள்ளே செருகச் சொன்னார். இரும்புப் பட்டியை எல்லோருடைய மடிமீதும் இறக்கிப் பூட்டினார். சவிரி அண்ணன் அந்தப் பட்டியை இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். சிங்களத்தில் வேலையாளிடம் ஏதோ கேட்டார். இதை ஓட்டுகிற ஆள் எங்கே இருக்கிறான் என்று கேட்டாராம். ஓட்டுகிற ஆள் கிடையாது என்று சிரித்தார் வேலையாள்.

டக்... டக்... டக்...

உச்சியை நெருங்கும்போது தென்னந்தோப்புகளுக்கு அப்பால் நீலக்கோடாய்க் கடல் தெரிந்தது. திரேசா கையை நீட்டி அதைக் கணவருக்குக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. அவருடைய பிடரியை மாத்திரமே நான் கண்டேன். அது மரம்போல் விறைத்திருந்தது.

பிறகு வண்டி விழுந்தது. முதல் வளைவு வந்தது.

அடுத்து நடந்ததை நான் தெளிவாகக் கண்டேன், மிகைப்படுத்தவில்லை. வண்டி இடப்பக்கம் திரும்பியது. எங்கள் எல்லோரையும் அது வலப்பக்கம் தூக்கியெறிந்தது. சவிரி அண்ணனோ உடம்பு முழுவதையும் இடப்பக்கம் கொடுத்து, மனைவிமேல் சாய்ந்தார். "சாய்!" என்று ஒரு குரல் — கரையிலிருந்து ஆழ்கடலுக்குக் கேட்கும் குரல். மறு வளைவு வலப்பக்கம் திரும்பியதும், திரேசாவின் தோளைச் சுற்றிப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தார். நேர்ப்பாதை வந்ததும் "நிமிர்!" என்றார். அவள் நிமிர்ந்தாள்.

பாய் வள்ளத்தில் போனவர்களுக்கு இது விளங்கும். காற்று ஒரு பக்கத்தை அமுக்கும்போது ஆட்கள் மறுபக்கம் சாய்ந்து இருக்கவேண்டும். சாயாவிட்டால் வள்ளம் கவிழும். யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. யோசிக்க நேரமும் இராது. ரோலர் கோஸ்டரின் சக்கரங்கள் தண்டவாளத்தை மேலும் கீழும் கவ்விக்கொண்டிருக்கின்றன, அது கவிழாது. இது எனக்குத் தெரியும். அவருடைய உடம்புக்குத் தெரியாது. அது, தன் மனைவியும் முன்பின் அறியாத அத்தனை பேரும் ஏறியிருந்த ஒரு வள்ளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் கரையில் பெண்கள் தொழிலுக்குப் போகும் படகில் ஏறுவதில்லை. அன்று அந்தச் சிறிது நேரம் திரேசா அவருடைய வள்ளத்து ஆளாக இருந்தாள். சாய் என்றபோது சாய்ந்தாள். நிமிர் என்றபோது நிமிர்ந்தாள். முன்பெட்டியில் இருந்த சிங்கள இளைஞர்கள் முதலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வளைவில் அவர்களும் "சாய்" என்று கத்திக்கொண்டு சாய்ந்தார்கள். அச்சொல்லின் பொருள் அவர்களுக்கு விளங்கியதா என்பதை நான் விசாரிக்கவில்லை.

வண்டி நின்றது. பட்டி உயர்ந்தது. திரேசா இறங்கினாள். நான் இறங்கினேன். சவிரி அண்ணன் இறங்கவில்லை.

வேலையாளும் நானுமாகக் கைகொடுத்து அவரை ஒரு வாங்கில் கொண்டுவந்து இருத்தினோம். முகம் சாம்பல் நிறம். நான் தண்ணீர் தேடித் திரும்புவதற்குள், திரேசா கைப்பையைத் திறந்து, வெட்டி உப்புத் தடவிப் பொதிந்து வைத்திருந்த தேசிக்காயை அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டாள். ஈரத்துணி ஒன்றும் அந்தப் பையிலிருந்து வந்தது.

வேனில் வரும்போதே அந்தப் பொதியை நான் கண்டிருந்தேன். தனக்காகக் கொண்டுவருகிறாள் என்றே எண்ணினேன். ஆனால் அவளுடைய முகத்தில் திகைப்பு ஏதும் இல்லை. வரப்போவதை அறிந்து, காத்திருந்தவளின் கை அது.

"அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளல்ல" என்றாள் என்னிடம்.

வெயிலாம்! வாழ்நாள் முழுவதும் நடுக்கடலில் காய்ந்த மனிதருக்கு!

சவிரி அண்ணன் தேசிக்காயை உறிஞ்சி முடித்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"விடு திரேசா. டீச்சர், பயம் எனக்குத்தான். விசாவுக்குக் குடுத்த நாள்லயிருந்தே எனக்குத்தான்."

கடலில் பயப்படாதவர் இதற்கா பயப்படுவது என்று கேட்டேன். அறிவற்ற கேள்விதான்.

"கடல்ல சுக்கான் என்ட கையில. இதில என்ன இருக்கு பிடிக்க?"

மடிமேல் பட்டி இருந்ததே என்றேன்.

"அது என்னைப் பிடிச்சிருந்தது டீச்சர். நான் அதைப் பிடிக்கல்ல."

துணிவு என்பது முழு உடம்பிலும் பரவியிருக்கும் ஒன்றென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியன்று போலும். அவரவர் கை பழகிய இடத்தில் மாத்திரம் அது குடியிருக்கிறது. என்னைக் கொண்டுபோய் அவருடைய படகில் இருத்தினால் நான் கரையைக் கடக்குமுன்பே கலிமாச் சொல்லியிருப்பேன்.

ஆனால் என் மனம் அவரிடம் இல்லை; திரேசாவிடம் இருந்தது. இத்தனை வாரங்களும் ஊரார் இவளையல்லவா கோழை என்றார்கள்? மகன் இவளிடமல்லவா மன்றாடினான்? ஞானஸ்நானம் தள்ளிப்போவதற்குக் காரணம் பாட்டியின் பயம் என்று இத்தாலிவரை சொல்லப்பட்டதே! ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கேட்டுக்கொண்டு, சோறு இறங்காமல் இருந்தாளே — வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னாளா? சவிரிக்குப் பயம் என்று ஊர் அறிந்தால் அவர் மறுநாள் எந்த முகத்தோடு படகை இறக்குவார்?

அப்படியானால் இவளுக்குப் பயமே இல்லையோ என்ற சந்தேகம் அவருக்கும் வந்திருக்கவேண்டும். தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார்.

"அப்ப உனக்குப் பயமில்லையா?"

"எனக்கும் பயந்தான்" என்றாள் திரேசா. ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கும் பயமெண்டா ஆளை ஆள் பாத்துக்கொள்ளலாந்தானே. ஒருத்தருக்கு மட்டும் எண்டாத்தான் கரைச்சல்."

மரங்களுக்கு மேலே இன்னொரு விமானம் எழும்பியது. இம்முறை சவிரி அண்ணன் அதைப் பார்த்தார். அது வளைந்து சரிந்து கடற்பக்கம் திரும்பும்வரை பார்த்தார்.

"அதுவும் சாயுது என்ன?"

சாயும் என்றேன். பொய் சொல்லி என்ன பயன்?

"அப்ப எந்தப் பக்கம் எண்டு நீ சொல்லு" என்றார் திரேசாவிடம். "நான் சாயிறன்."

போவது என்று முடிவான விதம் இவ்வளவுதான். கட்டிப்பிடிப்போ கண்ணீரோ இல்லை. சவிரி அண்ணன் பிளேன்டீ கேட்டார். வாங்கி வந்தேன்.

அவர் அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது திரேசா என் முழங்கையைத் தொட்டாள். இன்னொரு தரம் போவோமா என்றாள்.

எதில் என்று கேட்டேன்.

"இதிலதான். முன் சீட்டில."

சென்றோம். எங்கள் கைப்பைகளையும் என் செருப்பையும் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினோம். முன் ஆசனத்தைப் பற்றிய என் கருத்தை மேலே சொல்லியிருக்கிறேன். அதை மாற்றிக்கொள்ள எண்ணமில்லை என்றாலும், அன்று முன் ஆசனத்திலிருந்து பார்க்கக் கிடைத்த ஒன்றுக்காக அதனை மன்னிக்கிறேன்.

உச்சியில் திரேசா பட்டியை விட்டாள். இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினாள். அலறவில்லை, கண்ணை மூடவுமில்லை. வண்டி விழுந்து முதல் வளைவுக்கு வரும்போது கீழே அந்த வாங்கு தெரிந்தது. சவிரி அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைப்பைகளையும் நெஞ்சோடு அணைத்திருந்தார். வண்டி இடப்பக்கம் வளைய, நிலத்தில் நின்ற அவர் இடப்பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் வளைய, வலப்பக்கம் சாய்ந்தார். பக்கத்தில் ஐஸ்கிறீம் வாங்க நின்ற ஒரு குடும்பம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எவரையும் கவனிக்கவில்லை. திரேசா ஏறியிருந்த வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், அது நிற்கும்வரை, தனியே நின்று சாய்ந்துகொண்டிருந்தார்.

நான் ஏறிய ரோலர் கோஸ்டர்களில் எது சிறந்தது என்று மலேசியாவிலிருந்து மகள் அடிக்கடி கேட்பாள். இனித் தயங்கமாட்டேன்.

இறங்கியதும் திரேசா கூந்தலை முடிந்துகொண்டு, சரியான பயம் என்றாள். கணவரிடமும் அதையே சொன்னாள். அவர் தலையசைத்தார்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசா முடிவதற்கு முன்பே அவர்கள் புறப்பட்டார்கள். விமான நிலைய வாசல்வரை நானும் சென்றேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மகன் அறிவித்தான். ஞானஸ்நானம் நடந்தேறியது, படத்தைப் பார்த்தேன். குழந்தையைத் திரேசா ஏந்தியிருக்கிறாள். பக்கத்தில் அதே காற்சட்டையில் சவிரி அண்ணன். விமானத்தில் அவர் சாய்ந்தாரா என்று கேட்டேன். ஏறும்போதும் இறங்கும்போதும் சாய்ந்ததாகவும், அடுத்த ஆசனத்து வெள்ளைக்காரர் முதலில் விலகி, பிறகு தோளைக் கொடுத்ததாகவும் அவரே சொன்னார். இதற்கு வேறு சாட்சி இல்லை.

சென்ற ஞாயிறு திரேசாவோடு தொலைபேசியில் கதைத்தேன். இந்தக் கட்டுரைக்காக ஒன்றை மாத்திரம் உறுதி செய்துகொள்ளவேண்டியிருந்தது. உனக்கு எப்போதாவது உண்மையாகவே பயம் இருந்ததா என்று கேட்டேன்.

"பிள்ளை அழுகுது மைமூன், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டாள்.

குழந்தை அழும் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. திரேசாவுக்குப் பயம் இருந்ததா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது.